தனியாள் ஒருவர் நடத்திய குடும்பம்

தனித்து வாழ்கிறவரைச் சுட்டத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஆணாயின் ஒண்டிக்கட்டை, பெண்ணாயின் முதிர்கன்னி, வாழாவெட்டி, அறுதலி. இவற்றுள் ஒன்றிலேனும் பரிவு தொனிக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால், இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. நமது மறையுரைகளும் இந்தக் குறையினின்று முற்றிலும் விடுபட்டவை அல்ல. திருக்குடும்பத் திருநாளன்று தாயும் தந்தையும் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் வரிசைகளைப் பார்த்தே பேசிப் பழகிவிட்டோம். தூணோரத்தில் தனியே அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்த மறையுரையில் ஒரு வாக்கியம் கூட இருப்பதில்லை. தம்பி தங்கையரைக் கரையேற்றிவிட்டுத் தன் திருமண வயதைக் கடந்தவர் அவர். அடுத்த வரிசையில், மக்களைச் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவிட்டு, ஐந்தறை வீட்டில் ஓர் அறையில் மட்டும் விளக்கேற்றும் மூதாட்டி இருப்பார். காவிரிப் படுகையின் எந்தப் பங்கிலும் இத்தகையோர் இன்று சிலர் அல்லர்.

தனிமையின் துயரை நம்பிக்கைக் குறைவின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. "ஆண்டவர் இருக்கும்போது உனக்கென்ன குறை?" என்று ஆறுதல் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல உள்ளத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் விவிலியம் அவ்வாறு பேசவில்லை. மனிதன் தனித்திருப்பது நன்றன்று என்ற தீர்ப்பு தொடக்க நூலில் பாவம் உலகில் நுழைவதற்கு முன்னரே வருகிறது. மனிதனோடு இறைவன் முகமுகமாய் உரையாடிய தோட்டத்திலேயே, இறைவனே கூறிய சொல் அது. ஆகவே துணைக்கு ஏங்குகிற நெஞ்சு இறைவனைக் குறைவாக நேசிக்கிற நெஞ்சு என்று ஆகாது. மணம் செய்யாதிருக்கும்படி பணிக்கப்பட்ட எரேமியா தமது தனிமையை இனிமை என்று எங்கும் பாடவில்லை, முறையிட்டே வாழ்ந்தார். கெத்சமனியில் நம் ஆண்டவர் சீடர் மூவரை விழித்திருக்கக் கேட்டதும் இறைமகனுக்கு மனிதத் துணை வேண்டியிருந்ததால்தான்.

அப்படியானால், துணையற்றவர் என்ன செய்வது? இதற்கு விடையைக் கோட்பாட்டில் தேடுவதை விட, வாழ்ந்து காட்டியவர்களிடம் தேடுவது பயனுடையது. நம் தஞ்சை மண்ணிலேயே அத்தகைய ஒருவர் வாழ்ந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். லுத்தரன் சபைக் குருவானவர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ஆம் ஆண்டு கிறித்தவ ஒன்றிப்புப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின்னர், பிரிந்த சகோதரரின் நற்பண்புகளைப் போற்றத் தயங்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. அவர் பெயர் கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தஞ்சை மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றனர்.

1726ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டின் சொன்னன்பர்க் என்ற ஊரில் (இன்று அது போலந்து நாட்டில் உள்ளது) பிறந்தவர். நினைவு தெரியுமுன் தாயை இழந்தார். ஹாலே நகரில் படித்தபோது, தமிழ் விவிலிய அச்சுப்பணிக்கு உதவுவதற்காகத் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750 ஜூலையில் கடலூரில் கரையிறங்கித் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். அதன்பின் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையில் கண்மூடும் வரை, ஏறத்தாழ 48 ஆண்டுகள், ஒருமுறை கூடத் தாயகம் திரும்பவில்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைக் குறிப்பிட வேண்டும். எம்மைப் போன்ற கத்தோலிக்கக் குருக்களின் தனிமைக்கு ஒரு சீருடை உண்டு. வெண்ணங்கியைக் கண்டவுடன், "இவர் ஏன் மணக்கவில்லை?" என்ற கேள்வி மக்கள் நாவில் எழாமல் நின்றுவிடுகிறது. துறவற மடத்தில் உணவுக்கு மணி அடிக்கும். உடன் உண்ண நால்வர் இருப்பர். சுவார்ட்சுக்கு அத்தகைய வாக்குறுதியும் இல்லை, மடமும் இல்லை. அவருடைய சபை குருக்களின் திருமணத்தை இயல்பாகக் கருதிய சபை. உடன் பணியாற்றியவர்கள் பலர் மனைவி மக்களோடு வாழ்ந்தனர். ஆகவே அவர் தனிமை, துறவியின் தனிமையை விட, நம் பங்குகளில் மணமாகாது வாழும் பொதுநிலையினரின் தனிமைக்கே நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது.

திருச்சியில் அவர் தொடக்கத்தில் தங்கிய இடத்தைப் பற்றி, அவரை நன்கறிந்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டடமொன்றில், அவரும் அவருடைய கட்டிலும் மட்டுமே அடங்கக்கூடிய ஓர் அறை. ஊதியம் ஆண்டுக்கு ஏறத்தாழ 48 பவுன். கறுப்புச் சாயமேற்றிய முரட்டுப் பருத்தி உடை. நாட்டு முறையில் சமைத்த சோறும் காய்கறியும். இவ்வளவையும் படிக்கும்போது நம் மனக்கண்ணில் ஒரு வறண்ட மனிதர் தோன்றலாம். அவரைப் பார்த்தவர்களோ மகிழ்ச்சி நிறைந்த முகத்தினர் என்றே அவரைக் குறித்துள்ளனர்.

அதற்குக் காரணம் அவருடைய நாள் ஒழுங்கில் இருப்பதாக நான் கருதுகிறேன். விடியலில் உபதேசியார்கள் அவரிடம் கூடுவர். செபித்த பின் அவர்களை ஊர்களுக்கு அனுப்புவார். மாலையில் அவர்கள் திரும்பி வந்து, யாரைக் கண்டோம், என்ன பேசினோம், எவர் நோயுற்றிருக்கிறார் என்று கூறக் கேட்பார். பின் மீண்டும் செபம். தனித்து வாழ்கிறவர்களுக்குப் பகலை விட மாலையே கடினமானது என்பதைப் பங்குப்பணியில் இருப்போர் அறிவோம். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லா வீடுகளிலும் பேச்சொலி எழும். ஒரு வீட்டில் மட்டும் எழாது. சுவார்ட்ஸ் அந்த நேரத்தை வெறுமைக்கு விட்டுவிடவில்லை. அன்றாடம் அவர் வாயிலைக் கடந்து ஆட்கள் உள்ளே வரும்படி தம் வாழ்வை அமைத்துக்கொண்டார். இறைவனின் உடனிருப்பு அவருக்கு, மாலைதோறும் படியேறி வரும் காலடியோசையாகவும் இருந்தது.

இன்று நம் அன்பியக் கூட்டங்களை எண்ணிப் பார்க்கிறேன். இம்மாதம் எவர் வீட்டில் செபம் என்று பட்டியல் போடும்போது, தனியாயிருக்கிறவரின் வீட்டை நாம் மெல்லத் தவிர்த்துவிடுகிறோம். "அவருக்கு ஏன் சிரமம், நாற்காலி போட இடமில்லை" என்று காரணமும் சொல்கிறோம். அந்தச் சிரமத்துக்காகத்தான் அவர் ஏங்கிக்கொண்டிருக்கக் கூடும்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பது நம் பழமொழி. தன் பிள்ளை என்று ஒன்று இல்லாதவரும் ஊரார் பிள்ளையை வளர்த்தார். தரங்கம்பாடியில் பணியாற்றிய கோல்ஹாப் என்பவரின் மகன் யோவான் கஸ்பர், சிறு வயது முதல் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்து, 1787ஆம் ஆண்டு குருவாக அருட்பொழிவு பெற்று, 1844இல் இறக்கும் வரை தஞ்சையில் தம் வளர்ப்புத் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் அழைத்துவரப்பட்ட மற்றொரு சிறுவன், பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார். தமிழ்க் கிறித்தவ இலக்கியத்துக்குத் தனியாள் ஒருவரின் வீடு அளித்த கொடை இது.

வீட்டின் சுவர்களைத் தாண்டியும் அவருடைய குடும்பம் விரிந்தது. 1780இல் மூண்ட இரண்டாம் மைசூர்ப் போரில் ஐதர் அலியின் படைகள் காவிரி நாட்டைச் சூறையாடின. ஐதர் கலாபம் என்று தஞ்சை வட்டாரத்தில் நெடுங்காலம் பேசப்பட்ட துயரம் அது. கோட்டைக்குள் மக்கள் பட்டினியால் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைச் சுமந்து வர மாடுகள் இல்லை. முன்பு மாடும் நெல்லும் கொடுத்துக் கூலியும் விலையும் பெறாது ஏமாந்த குடியானவர்கள், அரசரின் வாக்கையும் நம்பவில்லை, கம்பெனியின் வாக்கையும் நம்பவில்லை. கடைசியில், பணம் தவறாது கிடைக்கும் என்று சுவார்ட்ஸ் பிணை நின்றார். ஓரிரு நாளில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. கலம் என்றால் பன்னிரண்டு மரக்கால் என்பதை மெட்ரிக் அளவைகளுக்குப் பழகிவிட்ட இளைஞர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

பின்னர் ஒருமுறை, அதிகாரிகளின் கொடுமை தாளாது குடிகள் ஊரைவிட்டு ஓடிப்போயினர். வயல்கள் தரிசாய்க் கிடந்தன. அரசரின் அழைப்புக்கு ஒருவரும் அசையவில்லை. சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தபோது ஒரே நாளில் 7,000 பேர் தம் நிலங்களுக்குத் திரும்பினர். ஜூன் மாதமே உழுதிருக்க வேண்டிய நிலம். அப்போதோ செப்டம்பர் ஆகிவிட்டது. பருவம் தவறிவிட்டதே என்று அவர் கவலைப்பட, தங்களுக்கு அவர் காட்டிய அன்புக்காக இரவும் பகலும் உழைப்போம் என்று அவர்கள் கூறியதாக அவரே எழுதியிருக்கிறார். நெல் விவசாயத்தை அறிந்தவர்களுக்கு, செப்டம்பரில் வயலில் இறங்கி அதை ஈடுகட்டுவது எத்தகைய உழைப்பு என்பது விளங்கும்.

ஏன் நம்பினார்கள்? அவர் தமக்கென ஒன்றும் சேர்க்காதவர் என்பதை மக்கள் கண்டிருந்தனர். 1779இல் சென்னை ஆளுநர் அவரைத் தூதராக ஐதர் அலியிடம் அனுப்பியபோது, வெகுமதிப் பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள மறுத்த செய்தி எங்கும் பரவியிருந்தது. பிள்ளைக்குச் சொத்துத் தேட வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. தனிமை அவருக்கு அளித்த விடுதலை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுவே. ஆனால் அந்த விடுதலை தானாக வந்துவிடுவதில்லை. தனியாள் கருமியாவதும், எவரையும் நம்பாத கசப்பு மனிதராவதும் நாம் அன்றாடம் காண்பதுதான்.

சுவார்ட்ஸின் வாழ்வில் குறுக்கிட்ட மற்றொரு தனியர், ஒரு பெண். தஞ்சை அரசரின் பணியிலிருந்த மராட்டியப் பிராமணர் ஒருவரின் கைம்பெண். கணவரின் சிதையில் ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படையதிகாரி காப்பாற்றினார் என்று மரபு கூறுகிறது. உறவும் சாதியும் அன்றே அவரைக் கைவிட்டன. அதிகாரியோடு வாழ்ந்தார். அவரிடம் ஆங்கிலமும் கிறித்தவ மறையும் கற்று, சுவார்ட்ஸிடம் திருமுழுக்குக் கேட்டார். மணமின்றி வாழும் நிலையில் திருமுழுக்குத் தர இயலாது என்று சுவார்ட்ஸ் மறுத்தார்.

அந்த மறுப்பைத் தவறென்று சொல்ல ஒரு குருவாகிய என்னால் இயலவில்லை. எந்தச் சபையின் ஒழுங்கும் அன்று அவ்வாறே கூறியிருக்கும். எனினும் ஒன்றை எண்ணாதிருக்க முடியவில்லை. மணம் செய்துகொள்ளாதவர் அந்த அதிகாரி. அவரோ ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர். குறை இருவரது வாழ்விலும் இருந்தது. கதவு ஒருத்திக்கு மட்டும் அடைபட்டது. பாளையங்கோட்டைக்கு அதிகாரியோடு சென்று, அங்கே அவரும் நோயுற்று இறந்த பின், அந்தப் பெண் இரண்டாம் முறையாகத் துணையற்றவரானார். 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டை வந்தபோது மீண்டும் கேட்டார். இம்முறை கிளாரிந்தா என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

பிறந்த குலம் சேர்க்காது. வெள்ளையர் சமூகமும் சமமாகக் கொள்ளாது. வயிற்றில் பிறந்த பிள்ளையும் இல்லை. இவ்வளவுக்கும் பின் கிளாரிந்தா ஒதுங்கி வாழ்ந்து செபத்தில் நாளைக் கழித்திருந்தால், யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ தம் பொருளைக் கொண்டும் ஆங்கிலேயர் சிலரின் உதவியைக் கொண்டும் ஓர் ஆலயம் எழுப்பினார். 1785இல் சுவார்ட்ஸே வந்து அதை அர்ப்பணித்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று மக்கள் அதை வழங்கினர். அவர் வெட்டுவித்த கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர் பெற்றது. 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பெயர்கள் உள்ளன. முதற்பெயர் கிளாரிந்தா. அந்த நாற்பதின்மரில் பல சாதியினரும் கலந்திருந்தனர். திருநெல்வேலிச் சீமையின் பெருஞ்சபைக்கு வித்து அந்தப் பட்டியல். அ. மாதவையா 1915ஆம் ஆண்டு இவர் பெயரிலேயே ஆங்கிலப் புதினம் ஒன்று எழுதினார். கிறித்தவரல்லாத ஒருவரின் உள்ளத்தையும் இந்தத் தனிமகளின் கதை தொட்டது.

மூன்றாமவர் ஒரு சிறுவன். தஞ்சை மன்னர் துளஜாஜி, தம் மக்களை எல்லாம் இழந்து, 1787இல் மரணப் படுக்கையில் சரபோஜி என்ற பத்து வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்தார். அந்தப் பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை ஏற்குமாறு சுவார்ட்ஸை வேண்டினார். சுவார்ட்ஸ் தயங்கி மறுத்து, மன்னரின் சகோதரர் அமரசிங்கிடம் பொறுப்பை ஒப்படைக்கலாம் என்றார். விளைவு நல்லதாக அமையவில்லை. தத்து செல்லாதென்று கம்பெனியார் முடிவு செய்ய, அமரசிங்கே அரியணை ஏறினார். சிறுவன் அரண்மனையில் கல்வி மறுக்கப்பட்டு அடைபட்டுக் கிடந்தான்.

சுவார்ட்ஸின் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. அரசியலில் கால் வைக்க மறைப்பணியாளர் அஞ்சுவது முறையே. ஆனால் ஒரு குழந்தையின் துயரத்தை அறிந்த பின் அவர் அந்த நியாயத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. கம்பெனி அதிகாரிகளுக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். பையனுக்குக் கல்வி கிடைக்க வழி தேடினார். 1793இல் சரபோஜியும் துளஜாஜியின் விதவை அரசியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கெரிக்கே என்ற மறைப்பணியாளர் அவருடைய கல்வியைக் கவனித்தார். தஞ்சையிலிருந்து சுவார்ட்ஸ் கடிதங்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். தத்து செல்லும் என்ற முடிவு ஒருவாறு வந்து, 1798 ஜூனில் சரபோஜி முடிசூடினார். அதைக் காண வளர்ப்புத் தந்தை உயிரோடில்லை. நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் அவர் மறைந்திருந்தார்.

இந்த மூவரில் எவருடைய தனிமையும் முற்றிலும் நீங்கிவிட்டது என்று நான் கூற வரவில்லை. நோய்ப்படுக்கையில் நீண்ட மாதங்களைக் கழித்த சுவார்ட்ஸுக்கு இரவுகள் இரவுகளாகவே இருந்திருக்கும். கிளாரிந்தா ஆலயத்திலிருந்து திரும்பிய வீட்டில் கணவர் இல்லை. தனிமை நோயைப் போன்று குணமாகிவிடுவது என்பதை விட, நிலத்தைப் போன்று உழப்படுவது என்று கூறுவதே இந்த நெல்நாட்டில் வாழும் நமக்குப் பொருந்தும். குடும்பம் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் எழுதிய திருமடல், குடும்பம் இல்லாதவர்களைப் பற்றிய பகுதியோடுதான் தன் மேய்ப்புப்பணி அதிகாரத்தை முடிக்கிறது. அவர்களுக்குத் திருச்சபையே இல்லம், அதன் கதவுகள் திறந்திருக்க வேண்டும் என்பது அப்பகுதியின் கருத்து. நம் பங்கு மன்றங்களில் அத்திருமடலின் பிற பகுதிகளைப் படித்த அளவுக்கு அதைப் படித்திருக்கிறோமா என்பது எனக்கு ஐயமே.

சுவார்ட்ஸ் இறந்தது தமிழ்க் கிறித்தவர் இருவரின் கைகளில். இரத்த உறவினர் ஒருவரும் அந்த அறையில் இல்லை, இருந்திருக்கவும் இயலாது. அடக்கத்துக்கு முன் சரபோஜி வந்தார். இந்து அரச மரபினர் ஒருவர் பிணத்தை அணுகுவதும், வேற்றுச் சமயத்தாரின் அடக்கச் சடங்கில் உடனிருப்பதும் அன்றைய வழக்கத்துக்குப் புறம்பானவை. அவர் அருகே நின்று அழுதார். பெட்டியின்மீது பொற்சரிகைத் துணி போர்த்தினார். அடக்கம் முடியும் வரை உடனிருந்தார். கல்லறைக் கல்லில் பொறிக்க ஆங்கிலத்தில் தாமே கவிதை இயற்றினார். இலண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்துத் தருவித்தார். சிவகங்கைக் கோட்டையில் சுவார்ட்ஸ் 1779இல் கட்டிய ஆலயத்தில் அது உள்ளது. பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் சில நிமிடங்கள் நடந்தால் காணலாம். கட்டிலில் கிடக்கும் முதியவரின் கையைச் சரபோஜி பற்றியிருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார். கால்மாட்டில் அநாதைச் சிறுவர்கள்.

சுவார்ட்ஸ் தம்மிடமிருந்த பொருளில் பெரும்பகுதியை மறைப்பணிக்கும் ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார். சரபோஜி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். எனினும் தம் தந்தையாய் இருந்தவரின் நினைவாக, ஏழைக் கிறித்தவப் பிள்ளைகள் ஐம்பதின்மருக்கு உணவும் உடையும் கல்வியும் அரண்மனைச் செலவில் கிடைக்க அவர் ஏற்பாடு செய்தார்.